வீணை தனம்மாளின் பேத்தி

கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். உங்கள் அம்மா ஊரில் இருக்கிறார், திண்ணையில் உட்கார்ந்து கோயிலுக்குப் பூ கட்டிக் கொடுக்கிறார். ஆறு வயது மகள் பெங்களூரில் உங்களோடு. வருஷத்துக்கு இரண்டு தடவைதான் பாட்டியும் பேத்தியும் பார்த்துக்கொள்கிறார்கள். தாத்தா பாட்டி ஒரு வாழ்க்கையில் நிஜமாகவே நிற்பார்களா, இல்லை லீவுக்குப் போய் முறுக்கு தின்ற ஞாபகம்தான் மிஞ்சுமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

நிற்பார்கள். எப்படி நிற்கிறார்கள் என்பதில்தான் ஊரார் சொல்வதோடு எனக்கு ஒத்துவரவில்லை. பாட்டி கதை சொன்னார், தாத்தா திருக்குறள் மனப்பாடம் பண்ண வைத்தார், அதனால் பிள்ளை இப்படி வந்தான் என்று நேராக ஒரு கோடு போட்டுவிடுவார்கள். எனக்கு நன்றாகத் தெரிந்த உதாரணத்தில் அந்தக் கோடு அவ்வளவு நேராக ஓடவில்லை. வீணை வாசித்துப் பேர்பெற்ற தனம்மாளும் அவர் பேத்தி, பரதநாட்டியக் கலைஞர் பாலசரஸ்வதியும்தான் அந்த உதாரணம். பத்து வருஷம் வீணை கற்றுக்கொண்டு, மேடைக்கு லாயக்கில்லை என்று தெரிந்ததும் ரசிகனாக ஒதுங்கிக்கொண்டவன் நான். அதனால் இந்தக் குடும்பத்தைப் பற்றிக் கொஞ்சம் அதிகமாகவே பேசுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பேரன், பேத்தி என்று சொல்கிறோமே, அவை பெயரன், பெயர்த்தி என்ற சொற்கள் தேய்ந்து வந்தவை. பெரியவர் பெயரைத் தாங்குகிற பிள்ளை என்று பொருள். தனம்மாளின் பாட்டி பெயர் காமாட்சி. பேர்பெற்ற நாட்டியக்காரி. தனம்மாள் தன் நான்கு பெண்களில் ஒருத்திக்கு வைத்த பெயரும் காமாட்சிதான். பெயர் இப்படிச் சுற்றிச் சுற்றி வரும் குடும்பம் அது. தஞ்சாவூர் அரண்மனையில் 18ஆம் நூற்றாண்டில் இருந்த பாப்பம்மாள் என்பவரிலிருந்து தங்கள் வம்சத்தை எண்ணத் தொடங்குவார்கள். பாலசரஸ்வதியின் இனிஷியல் 'டி' என்பதுகூட அப்பா பெயரின் முதல் எழுத்து கிடையாது. தஞ்சாவூர் என்பதன் முதல் எழுத்து.

இதில் ஒரு வேடிக்கை பாருங்கள். மூத்த காமாட்சி ஆடினார். அவர் பெண் சுந்தரம்மாள் பாடினார். சியாமா சாஸ்திரியின் மகன் சுப்பராய சாஸ்திரியிடமே பாடம் கேட்டவர். சுந்தரம்மாளின் பெண் தனம்மாளுக்கு வீணை. தனம்மாளின் பெண் ஜயம்மாளுக்குத் திரும்பவும் பாட்டு. ஜயம்மாளின் பெண் பாலசரஸ்வதியிடம், பாலாவிடம்தான் ஆட்டம் மறுபடி தலைகாட்டியது. நடுவில் மூன்று தலைமுறைக்கு அது பாட்டுக்குள்ளும் நரம்புக்குள்ளும் ஒளிந்துகொண்டிருந்தது என்று சொல்லத் தோன்றுகிறது.

தனம்மாள் பிறந்தது 1867-ல், சென்னை ஜார்ஜ் டவுனில். தேவதாசிகளின் தாய்வழிக் குடும்பம். நம் வீடுகளில் பாட்டி என்றால் பெரும்பாலும் மருமகளோடு அடுக்களையைப் பங்கு போட்டுக்கொண்டு, ஒரு மூலையில் ஜபமாலையோடு உட்கார்ந்திருக்கிற உருவம். தேவதாசிக் குடும்பங்களில் அப்படிக் கிடையாது. சம்பாதிப்பது பெண், சொத்து பெண் பெயரில், வீட்டுக்குத் தலைமை மூத்த பெண்மணி. அதனால் பேரப்பிள்ளைகளுக்குப் பாட்டி என்பவர் அன்பு காட்டுகிற ஒரு கூடுதல் ஆள் மட்டுமில்லை, அந்த வீட்டின் சட்டமே அவர்தான். இதை விட்டுவிட்டு தனம்மாளைப் பேசினால் பாதிக் கதைதான் புரியும்.

தனம்மாள் வீட்டு வெள்ளிக்கிழமையைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். வெள்ளிக்கிழமை சாயங்காலம் வீட்டிலேயே வீணை வாசிப்பார். சபா இல்லை, டிக்கெட் இல்லை, மைக் இல்லை. கேட்க வருகிறவர்களில் பாதிப்பேர் தாங்களே பெரிய வித்வான்கள். வீணையை மீட்டுவதற்கு வளையம் எதுவும் மாட்டிக்கொள்ள மாட்டார், வெறும் விரல்தான். சத்தம் மிகச் சன்னம். அதோடு தானும் சேர்ந்து மெல்லப் பாடுவார். குரல் எங்கே முடிகிறது, தந்தி எங்கே தொடங்குகிறது என்று பிரிக்க முடியாதாம். அந்தச் சன்னமான நாதம் காதில் விழவேண்டுமானால் கூடத்தில் இருக்கும் அத்தனை பேரும் வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டும். பின்னாளில் அவருக்குக் கண்பார்வையும் போய்விட்டது. யார் வந்தார்கள், யார் போனார்கள் என்பதெல்லாம் காதால்தான்.

அந்த வீட்டில் பிறக்கிற குழந்தையை நினைத்துப் பாருங்கள். மற்ற வீடுகளில் வெள்ளிக்கிழமை என்றால் எண்ணெய் தேய்த்துக் குளித்து, வாசலில் பெரிய கோலம் போட்டு, சாம்பிராணி போடுவது. இங்கே அதோடு இன்னொரு வழக்கம்: சாயங்காலம் ஆனால் பெரியவர்கள் பேச்சை நிறுத்திவிடுவார்கள். அதற்குக் காரணம் என்ன என்று குழந்தைக்கு யாரும் சொல்லியிருக்க வேண்டியதில்லை. ஊரே மதிக்கும் பெரிய மனிதர்கள் தரையில் உட்கார்ந்து, பாட்டி ஒரு ஸ்வரத்தை இழுப்பதற்காக மூச்சை அடக்கிக்கொண்டிருப்பதைப் பார்த்தால் போதும். இந்த உலகத்தில் எது பெரிய விஷயம் என்று அதற்குத் தெரிந்துவிடும்.

பாலா பிறந்தது 1918 மே மாதம். தனம்மாள் இறந்தது 1938-ல். அதாவது பேத்திக்கு 20 வயது ஆகும்வரை பாட்டி இருந்தார். இந்த இருபது வருஷத்தில் பாட்டி பேத்திக்கு என்ன சொல்லிக் கொடுத்தார் என்று தேடினால் கைக்குச் சிக்குவது குறைவு. நாட்டியம் கந்தப்பப் பிள்ளையிடம். பரதநாட்டியக் கச்சேரி முறையை வகுத்த தஞ்சை நால்வர் என்ற சகோதரர்களின் பரம்பரையில் வந்த கண்டிப்பான நட்டுவனார். நாலு வயதிலேயே அவரிடம் விட்டார்கள், ஏழு வயதில், 1925-ல், காஞ்சிபுரத்தில் ஒரு அம்மன் கோயிலில் அரங்கேற்றம். ஆட வேண்டும் என்ற ஆசை மயிலாப்பூர் கபாலீஸ்வரர் கோயிலில் ஆடிய கௌரி அம்மாளைப் பார்த்து வந்தது. பாட்டு அம்மா ஜயம்மாளிடமிருந்து. கணக்குப் போட்டுப் பார்த்தால் பாட்டியின் பங்கு என்று எழுத ஒரு கட்டமே மிஞ்சாது.

ஆனால் பாலா ஆடுவதைப் பார்த்தவர்கள் எல்லாரும் போய் நிற்கும் இடம் தனம்மாள்தான். காரணம் சொல்கிறேன்.

முதலாவது, பாலா ஆடிக்கொண்டே பாடுவார். அபிநயம் பிடிக்கும்போது பாட்டு பின்னாலிருந்து மட்டும் வராது, அவர் வாயிலிருந்தும் வரும். சில பதங்களை உட்கார்ந்தபடியே செய்வார். பாட்டி வீணையோடு பாடியது போலப் பேத்தி உடம்போடு பாடினார் என்றால் அது அலங்காரப் பேச்சு இல்லை, பார்த்தவர்களுக்குப் புரியும். இரண்டாவது, வேகம். தனம்மாள் வீட்டின் பெரிய பொக்கிஷம் க்ஷேத்ரய்யாவின் பதங்கள், 17ஆம் நூற்றாண்டுத் தெலுங்குப் பாடல்கள். பாலதாஸ் நாயுடு என்பவரிடம் தனம்மாள் பாடம் செய்து வைத்திருந்தார். பதம் என்பது நத்தை வேகத்தில் போகிற உருப்படி. ஒரு சொல்லுக்கும் அடுத்த சொல்லுக்கும் நடுவே இருக்கிற இடைவெளியில்தான் எல்லாமே நடக்கும். அந்த இடைவெளியைக் கண்டு பயப்படாத நாட்டியக்காரர் அபூர்வம். முக்கால்வாசிப் பேர் அங்கே எதையாவது இட்டு நிரப்புவார்கள்: ஒரு கண் சுழற்றல், ஒரு இடுப்பசைவு. பாலா அங்கே சும்மா இருப்பார். கமகம், அதாவது ஸ்வரத்தின் அசைவு, வரும்வரை கை காத்திருக்கும். நாதம் சறுக்கி இறங்கும்போது விரலும் அதோடு இறங்கும்.

நான் அவரை நேரில் பார்த்ததில்லை. சத்யஜித் ராய் 1976-ல் எடுத்த 'பாலா' என்ற குறும்படத்தில்தான் பார்த்திருக்கிறேன், அதைப் பலமுறை. அதில் கடற்கரையில் 'கிருஷ்ணா நீ பேகனே பாரோ' ஆடுகிறார். அப்போது வயது 58, கனத்த உடம்பு. காற்று புடவையைப் பிடித்து இழுத்துக்கொண்டே இருக்கிறது. பின்னால் அலை வந்து விழுகிற சத்தத்துக்கும் பாட்டின் ராகமான யமுனா கல்யாணிக்கும் சம்பந்தமே இல்லை. அவர் குழந்தையைக் கூப்பிடுகிறார், அவ்வளவுதான். கூப்பிட்டுவிட்டு, அது வருகிறதா என்று பார்க்கிறார். அந்தப் பார்க்கிற இடத்தில் கை எதுவும் செய்யவில்லை. முதல் தடவை பார்த்தபோது எனக்கு என்னவோ போலிருந்தது, இவ்வளவுதானா என்றுகூடத் தோன்றியது. நாலாவது தடவைதான் அந்தச் சும்மா இருப்பது எவ்வளவு பெரிய வேலை என்று உறைத்தது. வெள்ளிக்கிழமைக் கூடத்தில் மூச்சை அடக்கிக் கேட்டுப் பழகின உடம்பு அது.

1975-ல் தமிழ் இசைச் சங்கத்தில் பேசும்போது பரதநாட்டியக் கச்சேரி முழுவதையும் ஒரு கோயிலுக்குள் நுழைவதற்கு ஒப்பிட்டார் பாலா. முதல் உருப்படியான அலாரிப்பு கோபுரம், அப்புறம் மண்டபங்கள், அப்படியே உள்ளே உள்ளே. பதத்துக்கு வரும்போது வெளிப் பிரகாரத்தின் விரிவும் வெளிச்சமும் அடங்கி, குளிர்ந்த இருட்டில் கருவறைக்குள் நிற்கிற நிலை என்றார். தில்லானா கடைசியில் கற்பூரம் காட்டும்போது எழும் ஆரவாரம். ஒப்புமை அழகாக இருக்கிறது என்பதற்காக இதைச் சொல்லவில்லை. அவர் மனசில் உச்சம் எந்த இடத்தில் இருந்தது என்று பாருங்கள். துரிதமான ஜதியில் இல்லை, சத்தம் அடங்குகிற இடத்தில். இந்த அளவுகோல் கந்தப்பப் பிள்ளையின் தட்டுக்கழியிலிருந்து மட்டும் வந்திருக்கும் என்று நான் நம்பவில்லை.

நம் பக்கத்தில் கேள்வி ஞானம் என்று ஒரு சொல் உண்டு. உட்கார்ந்து பாடம் பண்ணாமல் காதால் வாங்கியது. ஏதோ குறைவான சரக்கு போல அதைப் பேசுவார்கள், "அவனுக்கு முறையான பாடம் இல்லை, கேள்வி ஞானம்தான்" என்று. எனக்கு நேர்மாறாகத் தோன்றுகிறது. பாடம் கையில் ஏறுகிறது. கேள்வி ஞானம் காதில் உட்கார்ந்துகொண்டு அந்தக் கையைக் கண்காணிக்கிறது.

இதை என் வீட்டிலேயே பார்த்திருக்கிறேன். என் பாட்டிக்கு ஸ்வரம் தெரியாது, ராகம் பெயர் ஒன்றிரண்டு தெரியும், அதையும் மாற்றிச் சொல்வார். நான் ரேழியில் உட்கார்ந்து வீணை சாதகம் பண்ணுவேன், அவர் உள்ளே அரிவாள்மனையில் காய் நறுக்குவார். பீன்ஸ் என்றால் ஒரு சத்தம், வாழைக்காய் என்றால் வேறு சத்தம், ஒரே சீராக வந்துகொண்டிருக்கும். தோடியில் காந்தாரத்தை நான் சரியாக அசைக்காமல் தட்டையாக விட்டால் அந்தச் சத்தம் நின்றுவிடும். அவர் ஒரு வார்த்தை சொல்ல மாட்டார். நான் திரும்ப வாசிப்பேன். சரியாக வந்தால் 'சரக்' என்று மறுபடி ஆரம்பிக்கும். அவர் சின்ன வயதில் எதிர்வீட்டில் யாரோ பாடிக்கொண்டிருந்ததைக் கேட்டு வந்த காது, அவ்வளவுதான். என் வாத்தியார் சொல்லிக் கொடுத்த உருப்படிகளில் பாதி இன்று மறந்துபோயிற்று. அரிவாள்மனை நிற்கிற இடம் மறக்கவில்லை. இப்போதும் கச்சேரியில் யாராவது தோடியைத் தட்டையாகப் பாடினால் என் காதில் முதலில் கேட்பது அந்த நிசப்தம்தான்.

சரி, தனம்மாளுக்கு வருவோம். பாட்டியின் தாக்கம் என்றால் பேரப்பிள்ளைகள் எல்லாரும் ஒரே அச்சில் வருவார்கள் என்று நினைத்துவிடக் கூடாது. ஒரே பானைச் சோறுதான், ஆளுக்கு ஒரு குழம்பு ஊற்றிக்கொண்டார்கள். தனம்மாளின் மகள் காமாட்சியின் பெண்கள் பிருந்தா, முக்தா, அபிராமசுந்தரி. பிருந்தாவும் முக்தாவும் ஜோடியாகப் பாடினார்கள். பதமும் ஜாவளியும் கேட்க வேண்டுமானால் அவர்களிடம்தான் என்று வித்வான்களே சொல்லும் அளவுக்கு. அபிராமசுந்தரி வயலின். ஜயம்மாளின் பிள்ளைகளில் பாலா ஆடினார், ரங்கநாதன் மிருதங்கம், விஸ்வநாதன் புல்லாங்குழலும் பாட்டும். இன்னொரு மகள் லட்சுமிரத்தினத்தின் மகன் சங்கரனுக்குக் கிடைத்தது இன்னொரு வகைச் சொத்து: ஞாபகம். வானொலியில் வேலை பார்த்தார், அந்தக் கால வித்வான்களின் கதைகளையும் குறும்புகளையும் எழுதி வைத்தார். நமக்கு இன்று தனம்மாள் வீட்டைப் பற்றித் தெரிந்திருப்பதில் ஒரு பங்கு அவர் புண்ணியம். எல்லாக் குடும்பத்திலும் இப்படி ஒரு பேரன் இருப்பான், வாசிக்க வராது, ஆனால் யார் எப்போது என்ன சொன்னார்கள் என்று எல்லாம் தெரியும். அவனையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

ஒன்று கவனித்தீர்களா, வீணையை மட்டும் எந்தப் பேரப்பிள்ளையும் முதன்மையாக எடுத்துக்கொண்டு மேடையேறவில்லை. பாட்டி கையிலிருந்த வாத்தியம் பாட்டியோடு போயிற்று. பாட்டி அதை எப்படி வாசித்தாரோ அந்த 'எப்படி' மட்டும் தொண்டைக்கும் குழலுக்கும் கைவிரலுக்கும் கால் சலங்கைக்கும் குடிபெயர்ந்தது. 1930களில் கொலம்பியா கம்பெனி அவருடைய வாசிப்பைச் சில இசைத்தட்டுகளில் பதிவு செய்தது. ஒரு பக்கத்துக்கு மூணு நிமிஷம் சொச்சம். அதை இன்றைக்கும் கேட்கலாம், ஆனால் அந்தக் கரகரப்புக்கு நடுவே எனக்கு அவர் அரைகுறையாகத்தான் கிடைக்கிறார். விஸ்வநாதன் பாடிய ஒரு பதத்தில் இன்னும் கொஞ்சம் கூடக் கிடைக்கிறார்.

இந்தக் கதையில் பலரும் தாண்டிப் போய்விடுகிற ஒருவர் ஜயம்மாள். பாட்டிக்கும் பேத்திக்கும் நடுவில் இருந்தவர். தனியாகப் பெரிய கச்சேரிப் பெயர் எடுக்கவில்லை, பாலாவுக்குப் பின்பாட்டு பாடியே காலத்தைக் கழித்தார். ஆனால் தனம்மாள் வீட்டுப் பதம் பாலாவின் உடம்புக்குள் போனது அவர் குரல் வழியாகத்தான். பாலா ஆட ஆட, பத்தடி தூரத்தில் பாட்டியின் பெண் உட்கார்ந்து பாடிக்கொண்டிருக்கிறாள். கை கொஞ்சம் அவசரப்பட்டால் பாட்டு அவசரப்படாது, கைதான் திரும்பி வர வேண்டும். பாட்டி பேத்தி உறவைப் பற்றி யார் கேட்டாலும் நான் முதலில் கேட்பது நடுவில் இருக்கிற ஆளைப் பற்றித்தான். நடுவில் இருக்கிறவர் வாசலைச் சாத்திவிட்டால் பாட்டி எவ்வளவு பெரிய ஆளாக இருந்தும் பிரயோஜனமில்லை. உங்கள் கேள்வியில் அந்த இடத்தில் இருப்பது நீங்கள்.

நடுவில் இருக்கிறவர்கள் சரியாக இருந்தால், பார்த்தே இராத தாத்தாகூட வந்து சேர்ந்துவிடுவார். அதற்கு உதாரணம் தேடி வேறெங்கும் போக வேண்டாம், பாலாவைப் படமெடுத்த ராயே போதும். அவர் தாத்தா உபேந்திரகிஷோர் 1915-ல் இறந்தார். ராய் பிறந்தது 1921-ல். அப்பா சுகுமார் ராயும் 1923-லேயே போய்விட்டார், பையனுக்கு மூன்று வயதுகூட நிறையவில்லை. ஆனால் குழந்தை வளர்ந்தது கல்கத்தாவில் தாத்தா கட்டிய வீட்டில். அங்கேயே அச்சுக்கூடம், மையும் டர்பன்டைனும் மணக்கும் இடம். தாத்தா 1913-ல் தொடங்கிய 'சந்தேஷ்' என்ற குழந்தைகள் பத்திரிகை அச்சானதும் அங்கேதான். பத்திரிகை நடுவில் நின்றுபோனது. 1961-ல் பேரன் அதை ஒரு நண்பரோடு சேர்ந்து திரும்பவும் ஆரம்பித்தார். 1969-ல் தாத்தா எழுதிய கதையை 'கூப்பி கைன் பாகா பைன்' என்று படமாக எடுத்தார். தன் சின்னப் பையனுக்காக ஒரு குழந்தைகள் படம் எடுக்க வேண்டும் என்பது அதற்கு ஒரு தூண்டுதல். பார்த்தே இராத தாத்தாவின் கதை, ராய் வழியாக, அவர் மகனுக்குப் போய்ச் சேர்ந்தது. ராய் சின்னப் பையனாக இருந்தபோது, 1930களில், கல்கத்தாவில் பாலாவின் ஆட்டத்தைப் பார்த்திருக்கிறார். நாற்பது வருஷம் கழித்து அதே பாலாவைக் கடற்கரையில் நிறுத்திக் கேமராவை வைத்தார். ஒரு பேரன் ஒரு பேத்தியைப் பார்த்துக்கொண்டிருக்கிறான் என்று நினைத்துக்கொண்டு அந்தப் படத்தைப் பார்த்தால் இன்னும் நன்றாக இருக்கும்.

எல்லாம் வரமாக மட்டும் வரவில்லை, அதையும் சொல்ல வேண்டும். பாட்டியின் அளவுகோல் ஒரு சுமையும்கூட. பிருந்தா முக்தா பாட்டில் கைதட்டலுக்கென்று ஒரு பிர்காகூட இருக்காது. வித்வான்களுக்கான வித்வான்கள் என்று பெயர் வாங்கினார்கள், வெகுஜனப் புகழ் வந்து சேரவில்லை. பாலாவின் காலம் இன்னும் மோசம். அவர் வயதுக்கு வந்த சமயத்தில்தான் தேவதாசி ஒழிப்பு இயக்கம் உச்சத்தில் இருந்தது. 1947-ல் சட்டமும் வந்தது. அந்தச் சட்டம் தேவையில்லை என்று நான் சொல்ல வரவில்லை, பொட்டுக்கட்டு என்று சிறுமிகளைக் கோயிலுக்கு நேர்ந்துவிடுகிற பெயரில் நடந்த கொடுமைகள் உண்மை. ஆனால் அதோடு சேர்த்து அந்தப் பெண்களின் கலையையே அழுக்கு என்று தள்ளி, கழுவித் துடைத்து மேல்சாதி வீட்டுப் பெண்களிடம் கொடுக்கும் வேலையும் நடந்தது. பதங்களில் இருக்கிற சிருங்காரத்தைக் கண்டு பலர் முகம் சுளித்தார்கள். பக்தி போதும், காதல் வேண்டாம் என்றார்கள்.

பாலா இறங்கி வரவில்லை. சிருங்காரம்தான் தலையாய ரசம், அதில் துடைக்கிறதற்கு ஒன்றுமில்லை என்று கடைசிவரை வாதாடினார். இந்தத் தைரியம் எங்கிருந்து வந்திருக்கும்? இங்கே நான் சொல்வது என் ஊகம். வெளியே மேடையில் ஆபாசம் என்று பேசப்பட்ட வரிகளை அவர் குழந்தையிலிருந்து கேட்டது வீட்டில், வயதான பாட்டியும் பெரியம்மாக்களும் சித்தியும் வெற்றிலைத் தட்டை வைத்துக்கொண்டு நிதானமாகப் பாடியதாக. காதலன் வேறு வீட்டுக்குப் போய்விட்டான் என்று ஒரு பெண் பொருமுவதை ஐம்பதைத் தாண்டிய பாட்டி வாயால் கேட்டு வளர்ந்த பிள்ளைக்கு, அதில் வெட்கப்பட என்ன இருக்கிறது என்றுதான் தோன்றும். மனித மனசு இப்படியெல்லாம் இருக்கும் என்பது அதற்கு ஐந்து வயதிலேயே தெரிந்திருக்கும்.

பிடிவாதத்துக்கு விலை இருந்தது. 1940களில் வாய்ப்புகள் சுருங்கின, உடம்பும் படுத்தியது. பின்னால் வெளிநாட்டிலும் பெயர் பரவியது: 1961-ல் டோக்கியோ, 1962-ல் அமெரிக்கா, 1963-ல் எடின்பரோ விழா.  1973-ல் மியூசிக் அகாதெமி சங்கீத கலாநிதி கொடுத்தது. அது பாட்டுக்கும் வாத்தியத்துக்கும் கொடுக்கிற பட்டம், நாட்டியக்காரருக்குக் கொடுத்தது அதுதான் முதல் தடவை. 1976-ல் பிருந்தாவுக்கும் 1988-ல் விஸ்வநாதனுக்கும் அதே பட்டம். மூன்று பேரப்பிள்ளைகள் கலாநிதி, பாட்டிக்கு ஒரு பட்டமும் கிடையாது. வீணை என்ற சொல்லே அவர் பெயரோடு ஒட்டிக்கொண்டதே, அதைவிட என்ன வேண்டும் என்று சங்கீதக்காரர்கள் சமாதானம் சொல்வார்கள்.

ரங்கநாதனும் விஸ்வநாதனும் அமெரிக்காவில் வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் சொல்லிக்கொடுக்கப் போனார்கள். விஸ்வநாதனிடம் கற்ற ஜான் ஹிக்கின்ஸ் என்ற அமெரிக்கர் 'பாகவதர்' பட்டத்தோடு சென்னைச் சபாக்களில் பாடினார். ஜார்ஜ் டவுன் சந்து ஒன்றில் கதவைச் சாத்திக்கொண்டு வாசித்த பாட்டியின் பிடிப்புகள் கனெக்டிகட் பனியில் ஒரு வெள்ளைக்காரர் தொண்டைக்குள் போய் உட்கார்ந்தன. தனம்மாள் இதைத் திட்டம் போட்டுச் செய்திருப்பார் என்று நினைக்கிறீர்களா? அவர் வெள்ளிக்கிழமை வந்தால் வீணையை எடுத்து வாசித்தார், அவ்வளவுதான்.

பாலா 1984-ல் இறந்தபோது அவருடைய பேரன் அனிருத்தன் சின்னக் குழந்தை. பாட்டியிடம் நேராக ஒரு அடவுகூடக் கற்றிருக்க முடியாது. அம்மா லட்சுமியிடம் கற்று, இப்போது அதே பாணியில் ஆடுகிறார். மறுபடியும் நடுவில் ஒரு பெண்.

இப்போது உங்கள் வீட்டுக்கு வருகிறேன். வருஷத்துக்கு இரண்டு தடவை என்பது குறைவுதான், மறுக்கவில்லை. ஆனால் அந்த இரண்டு தடவையையும் நாம் எப்படிச் செலவு பண்ணுகிறோம் என்று பாருங்கள். பேத்தி வருகிறாள் என்று அம்மா பூ கட்டுவதை நிறுத்திவிட்டு முழுநேரமும் சமைப்பார். நீங்கள் குழந்தையை மால், தீம் பார்க் என்று கூட்டிக்கொண்டு போவீர்கள். குழந்தை பார்ப்பது எப்போதும் லீவில் இருக்கிற பாட்டியை. தன் வேலையில் மூழ்கின பாட்டியை அது பார்த்ததே இருக்காது. போனிலும் அதே கதைதான்: சாப்பிட்டியா, ஸ்கூல் போனியா, பாட்டிக்கு ஒரு முத்தம் கொடு, வை.

அடுத்த தடவை ஊருக்குப் போகும்போது அம்மாவின் வழக்கத்தை மாற்றாதீர்கள். பூக்காரர் கூடையைக் கொண்டுவந்து இறக்குகிற நேரத்துக்குக் குழந்தையும் எழுந்து திண்ணைக்கு வரட்டும். கட்டச் சொல்லிக் கொடுங்கள் என்று அம்மாவை நச்சரிக்க வேண்டாம். பெங்களூரில் இருக்கும்போது வீடியோ காலில் பேசியே ஆக வேண்டும் என்று இல்லை, போனை திண்ணைத் தூணில் சாய்த்து வைத்துவிட்டு அவர் பாட்டுக்குக் கட்டட்டும், இவள் பாட்டுக்குப் படம் வரையட்டும். ஒரு முழம் முடிந்ததும் உங்கள் அம்மா அந்தச் சரத்தைத் தூக்கிப் பிடித்து ஒரு பார்வை பார்ப்பாரில்லையா, எங்கேயாவது நெருக்கம் விட்டுப்போயிருந்தால் நாரைத் தளர்த்தி அந்த இடத்தை மறுபடி கட்டுவாரில்லையா, அந்த நேரத்தில் மட்டும் குழந்தை ஒரு தடவை தலை நிமிர்ந்து பார்த்தால் போதும்.